பனியைப் புகையென்பார்க்கு

நெருப்பில்லாமல் புகையாது என்னும் பழமொழியைப் போல, விசாரணையின்றித் தீர்ப்புச் சொல்ல நம்மவர்க்கு உதவும் கருவி வேறொன்றில்லை. ஓட்டக்காரர் ஒருவரின் பெயரோடு ஊக்கமருந்து என்ற சொல் ஒருமுறை சேர்ந்து அச்சேறிவிட்டால், பின்னர் அவர் விடுவிக்கப்பட்டாலென்ன, பறித்த பதக்கத்தைப் பறித்தவர்களே திருப்பிக் கொடுத்தாலென்ன, அவருடைய கீர்த்தியை இனி முழுமையாக நம்பவியலாது, ஐயத்துக்கிடமானவரை ஐயத்தோடுதான் நினைவுகூர வேண்டும் என்பதே இன்று கற்றாரும் மற்றாரும் ஒருமுகமாகக் கைக்கொண்டிருக்கும் கொள்கை. மட்டக்களப்பு வெபர் மைதானத்தின் படிக்கட்டுகளிலும், பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும் தை மாசி மாதங்களில் ஆசிரியர் ஓய்வறைகளிலும், இக்கொள்கை உலக அனுபவத்தின் சாரம்போல உச்சரிக்கப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு விவேகம்போல் இருப்பதனாலேயே அதனை மறுப்பது அவசியமாகிறது. இக்கொள்கை ஒரு தர்க்கப் பிழை என்பதும், அப்பிழையின் பாரத்தைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் வறியவர்களும் பக்கபலமற்றவர்களுமே என்பதும் என் வாதம்.

புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது நம் முன்னோரின் தர்க்க நூல்களில் பாலபாடம். ஆனால் அந்த அனுமானம் எந்நிலையில் பொய்க்கும் என்பதையும் அவர்கள் அதே எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கிச் சென்றனர் என்பதைப் பழமொழிக்காரர் மறந்துவிடுகின்றனர். மணிமேகலையின் 29ஆம் காதையில், அறவண அடிகள் போலி ஏதுக்களின் வகைகளை மணிமேகலைக்கு விரித்துரைக்குமிடத்தில், கண்டது ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீராதிருக்கையிலேயே அதனைப் புகையென்று வைத்துக்கொண்டு, ஆகவே அங்கு நெருப்புண்டு எனத் துணிதலும் ஒரு போலியாக எண்ணப்பட்டிருக்கிறது. மார்கழி விடியலில் கல்லடிப் பாலத்தில் நின்று நோக்குவார்க்கு மட்டக்களப்பு வாவியின் நீர்ப்பரப்பிலிருந்து எழுவது புகைபோலத்தான் தோன்றும். அதனால் வாவி எரிகிறது என்று எவரும் கூவுவதில்லை. ஓட்டக்காரர் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் நம்மிடமிருந்து எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

2002ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் கொரியாவின் பூசான் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், பஞ்சாப் மாநிலத்தவரான சுனிதா ராணி 1500 மீற்றர் ஓட்டத்தை 4 நிமிடம் 06.03 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கமும், 5000 மீற்றரில் வெண்கலப் பதக்கமும் வென்றார். சில நாட்களுள் அவருடைய சிறுநீர் மாதிரியில் நன்ட்ரோலோன் என்னும் ஸ்டிரொயிட்டின் சுவடு காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பதக்கங்கள் இரண்டும் பறிக்கப்பட்டன. தாயகத்தில் அவரை வாழ்த்தக் காத்திருந்த வாய்கள் வசைபாடத் தொடங்கின. ஆனால் பரிசோதனை நடந்த சியோல் ஆய்வுகூடத்தின் நடைமுறைகளிலும் பதிவுகளிலும் முரண்பாடுகள் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெய்வல்லுநர் சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆசிய ஒலிம்பிக் சபை பதக்கங்களைத் திருப்பியளித்தது. இங்கே புகையென்று காட்டப்பட்டது எங்கிருந்து எழுந்தது? ஓடியவரின் உடலிலிருந்தன்று, அளந்தவரின் மேசையிலிருந்து.

நன்ட்ரோலோன் என்னும் இப்பொருளைப் பற்றி இங்கே சிறிது நின்று விளங்கிக்கொள்வது நன்று. ஏனெனில், ‘இருந்தது என்றால் இருந்ததுதானே’ என்று கேட்போர் அது எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை அறியாமலே கேட்கின்றனர். பரிசோதகர் தேடுவது மருந்தை அன்று. உடல் அம்மருந்தைச் சிதைத்தபின் சிறுநீரில் எஞ்சும் பொருளை. அப்பொருளோ மருந்தை அறியாத மனித உடலிலும், குறிப்பாகக் கருவுற்ற பெண்களின் உடலில், மிகச் சொற்ப அளவில் இயற்கையாகவே தோன்றக்கூடியது. ஆகையால் அந்நாளில் ஒரு மில்லிலீற்றருக்கு ஆண்களுக்கு 2 நானோகிராம், பெண்களுக்கு 5 நானோகிராம் என்று எல்லை வகுத்திருந்தார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. குற்றமும் நிரபராதித்துவமும் இத்தகைய நுண்ணளவுக் கோட்டின் இருபுறமும் நிற்கையில், அளவுகோலின் நேர்மையும் மாதிரி கைமாறிய ஒவ்வொரு கட்டத்தின் பதிவும் ஓடியவரின் நேர்மைக்குச் சமமான முக்கியத்துவம் பெற்றுவிடுகின்றன. யமேக்காவின் மெர்லின் ஒட்டி 1999இல் இதே பொருளின் பெயரால் குற்றஞ்சாட்டப்பட்டு 2000ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டதும் ஆய்வுகூடத்தின் கணிப்புப் பற்றிய வாதத்தினாலேயே. ‘தொழில்நுட்பக் காரணத்தால் தப்பினார்’ என்று இத்தகையோரைக் குறைத்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குற்றச்சாட்டு முழுவதும் தொழில்நுட்பத்தினால் ஆனதாயிருக்க, அதன் மறுப்பு மட்டும் தொழில்நுட்பமாக இருக்கலாகாது என்பது என்ன நியாயம்?

சுனிதாவின் பெயரில் ஐயத்தை உயிரோடு வைத்திருக்க விரும்பியவர்கள் பின்னாளில் கைக்கொண்ட வாதம் இன்னும் விசித்திரமானது: அவர் ஓடிய காலப்பெறுதியை இந்தியாவில் ஆண்டுக் கணக்கில் எவராலும் முறியடிக்க முடியவில்லையே, அதுவே போதாதா என்றனர். உலகின் முன்னணியோடு ஒப்பிட 4 நிமிடம் 06 விநாடி மனித எல்லைக்கப்பாற்பட்ட அற்புதமன்று. முறியடிக்க முடியாமற்போனது மற்றவர்களின் குறையே தவிர அவருடைய குற்றமன்று. 2021 செப்டெம்பரில் வாரங்கல் நகரில் ஹர்மிலன் பைன்ஸ் 4 நிமிடம் 05.39 விநாடியில் ஓடி அதனை முறியடித்தார். அவருடைய தாயார் மாதுரி சக்சேனா, சுனிதா தங்கம் வென்ற அதே பூசான் விழாவில் 800 மீற்றரில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். இந்த வாதமும் அத்தோடு ஒழிந்தது என்று எண்ணுகிறேன். ஆனால் அதனைச் சொல்லித் திரிந்தவர்கள் எவரேனும் திருத்திக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வறக்காப்பொலைக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க குறுந்தூர ஓட்டக்காரி; இவ்வாதத்துக்கு அவரிலும் பொருத்தமான சாட்சி இல்லை. 1997இல் ஏதென்ஸ் நகரில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றர் தூரத்தை 22.39 விநாடியில் ஓடி வெள்ளி வென்றவர், அடுத்த ஆண்டே அதே நன்ட்ரோலோனின் பெயரால் இடைநிறுத்தப்பட்டார். உள்நாட்டு அதிகார பீடத்துடன் அவருக்கிருந்த பிணக்கு நாடறிந்தது; தாம் பழிவாங்கப்படுவதாக அவர் பகிரங்கமாகவே முறையிட்டார். பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் விடுவிக்கப்பட்ட செய்தியைவிடக் குற்றஞ்சாட்டப்பட்ட செய்திதான் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நெடுங்காலம் நின்றது. 2000 செப்டெம்பர் 28ஆந் திகதி சிட்னி ஒலிம்பிக்கில் 22.28 விநாடியில் ஓடி மூன்றாம் இடத்தைப் பெற்று, 1948இல் டங்கன் வைற் வென்ற வெள்ளிக்குப் பின்னர் இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தபோதும், பாராட்டின் ஓரத்தில் ‘அந்த விஷயம்’ என்று கண் சிமிட்டியவர்கள் இருந்தார்கள்.

அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ், 21.84 விநாடி. அவரைப் பற்றி நம் ஓய்வறைகளில் எவரும் கண் சிமிட்டவில்லை. அவருடைய புன்னகை சஞ்சிகைகளின் அட்டைகளை அலங்கரித்தது. நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவரை முன்மாதிரியாக எடுத்துக்காட்டினார்கள். 2007 ஒக்டோபரில் அவர் நீதிமன்றத்தில் நின்று, தாம் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார். 2009 டிசெம்பரில் ஒலிம்பிக் குழு பதக்கங்களை மறுபங்கீடு செய்தபோது, 22.27 விநாடியில் ஓடிய பஹாமாசின் போலின் டேவிசுக்குத் தங்கமும், சுசந்திகாவுக்கு வெள்ளியும் உரியவாயின. ஒரே ஓட்டத்தில் இருவர்: ஒருத்தி விடுவிக்கப்பட்டிருந்தும் ஐயத்துக்குரியவள், மற்றவள் குற்றவாளியாயிருந்தும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவள். சந்தேகம் என்பது உண்மையை முகர்ந்தறியும் ஓர் இயற்கை அறிவு என்று வாதிப்போர் இந்த ஓட்டத்தைப் பற்றி என்ன சொல்வர்? அவர்களுடைய மூக்கு வறக்காப்பொலைக் கிராமத்துப் பெண்ணை நோக்கித் திரும்பியது. நெருப்பு எரிந்துகொண்டிருந்ததோ இன்னொரு பாதையில்.

1997 ஏதென்சின் பதக்க மேடை இதற்கு இன்னுமொரு படி மேலே போகிறது. வெள்ளி வென்ற சுசந்திகாவும், 22.40 விநாடியில் வெண்கலம் வென்ற மெர்லின் ஒட்டியும் பின்னர் ஒரே மருந்தின் பெயரால் குற்றஞ்சாட்டப்பட்டு இருவருமே விடுவிக்கப்பட்டனர். தங்கம் வென்ற உக்ரேனியப் பெண் ஷன்னா பின்டுசெவிச்சோ, எவ்வித ஐயமுமின்றி நின்றவர், மரியன் ஜோன்சையும் வீழ்த்திய, பால்கோ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ஊக்கமருந்து விநியோக விவகாரத்தின் தொடர்ச்சியாக 2011இல் இரண்டாண்டுத் தடைக்குள்ளானார். 2002ஆம் ஆண்டின் பிற்பகுதி முதலான அவருடைய பெறுபேறுகள் செல்லுபடியற்றனவாக்கப்பட்டன. 1997இன் தங்கம் அவரிடமே இருக்கிறது. சுசந்திகாவின் அன்பர்களுக்கு இது கசக்கலாம். ஆயினும் அந்தத் தீர்ப்பை நான் சரியென்றே சொல்வேன். நிரூபிக்கப்பட்டது எந்த நாள் முதலோ அந்த நாள் முதலே தண்டனை. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளை அனுமானத்தினால் நிரப்பிக்கொள்ள நமக்கு அதிகாரமில்லை. விடுவிக்கப்பட்டவருக்கு நான் கோரும் நியாயத்தைத் தண்டிக்கப்பட்டவருக்கு மறுத்தால், என் கோரிக்கை நியாயமாயிராது, கட்சியாகிவிடும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் இங்கேதான் எழுகிறது. அதனை மறைப்பது முறையன்று. மரியன் ஜோன்ஸ் எத்தனையோ பரிசோதனைகளுக்கு உட்பட்டும் அவற்றுள் எதுவும் அவரைத் தண்டனைக்குள்ளாக்கவில்லை. பரிசோதனையில் தேறியமையே தூய்மைக்குச் சான்றென்று அவர் இறுதிவரை வாதாடினார். ஆகவே பரிசோதனையை நம்பி எவரையும் நிரபராதி என்று கொள்ளலாகாது, ஐயமே பாதுகாப்பு என்கின்றனர். முற்பாதியை முற்றாக ஏற்கிறேன். பரிசோதனையில் தேறியது தூய்மைக்குப் பூரண சான்றாகாது. ஆனால் பிற்பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. ஜோன்சை வீழ்த்தியது கண் சிமிட்டலோ ஓய்வறைப் பேச்சோ அன்று. அமெரிக்க அரசு அதிகாரிகள் நடத்திய புலனாய்வும், கைப்பற்றிய ஆவணங்களும், சத்தியப்பிரமாணத்தின் பேரில் பெற்ற சாட்சியங்களும், முடிவில் அவருடைய சொந்த வாக்குமூலமுமே. இவையெல்லாம் பிரமாணங்கள். பிரமாணம் சிறுநீர்க் குப்பியிலிருந்து மட்டுமே வரவேண்டுமென்று நான் சொல்லவில்லை. முகத்தோற்றம், திடீர் முன்னேற்றம், பயிற்றுநரின் பெயர், பிறந்த நாடு, அதிகாரிகளோடு கொண்ட பகை என்பன பிரமாணமாகா என்று மட்டுமே சொல்கிறேன்.

பயிற்றுநரின் பெயர் என்றதும் பிரித்தானியாவின் மோ ஃபராவை நினைக்காதிருக்க முடியாது. 2012, 2016 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் 5000, 10000 மீற்றர் ஓட்டங்கள் இரண்டையும் வென்ற இந்த நெடுந்தூர ஓட்டக்காரரைப் பயிற்றுவித்த அல்பேர்ட்டோ சலசார் மீது 2015இல் பகிரங்கக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2019இல் அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஃபரா மீது ஊக்கமருந்துக் குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. குற்றச்சாட்டுகள் எழுந்த பின்னரும் 2017 வரை அப்பயிற்றுநரை அவர் விட்டு நீங்காதது விவேகமா என்று கேட்கலாம், நானும் கேட்பேன். அது அவருடைய மதியைப் பற்றிய கேள்வி. அதனை அவருடைய இரத்தத்தைப் பற்றிய தீர்ப்பாக மாற்றிவிடுவதே நான் மறுக்கும் செயல்.

சீனத்தின் வாங் ஜுன்சியா மிகக் கடினமான வழக்கு. 1993 செப்டெம்பர் 8ஆந் திகதி பெய்ஜிங்கில் அவர் 10000 மீற்றரை 29 நிமிடம் 31.78 விநாடியில் ஓடி, அதுவரையிருந்த உலக சாதனையிலிருந்து ஏறத்தாழ 42 விநாடிகளை ஒரேயடியாகக் குறைத்தார். அத்தகைய பாய்ச்சலைக் கண்டு ஐயுறாதவன் பேதை. ஆனால் ஐயம் விசாரணையின் வாயிலேயன்றி அதன் முடிவன்று. அவரும் சக ஓட்டக்காரிகளும் 1995இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதமொன்று 2016இல் வெளியாயிற்று. பயிற்றுநர் மா ஜுன்ரென் தங்களைக் கட்டாயப்படுத்தி மருந்தளித்தார் என்பது அதன் சாரம். அக்கடிதம் மெய்யாயின் அது ஒரு சாட்சியம், அதனை ஏற்பேன். ஏற்குங்கால், இருபது ஆண்டுகளாக ‘ஏமாற்றுக்காரி’ என்று இகழப்பட்ட பெண் ஏமாற்றப்பட்டவளாகவும் பலவந்தப்படுத்தப்பட்டவளாகவும் நம்முன் நிற்கிறாள். நம் ஐயம் குற்றத்தை ஓரளவு சரியாக ஊகித்திருந்தபோதும், குற்றவாளியைத் தவறாகவே ஊகித்திருந்தது.

இவ்வளவும் கூறியபின், நம் தமிழ்ப் பக்கத்திலுள்ள எதிர்முனைப் பிழையைக் கண்டியாமல் விட்டால் நான் பாரபட்சமுடையவனாவேன். திருச்சிராப்பள்ளிக்கு அருகே முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22ஆந் திகதி தோகா நகரில் ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றரை 2 நிமிடம் 02.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றபோது வாவியின் இக்கரையிலிருந்தும் நாம் மகிழ்ந்தோம். மார்ச் மாதத்திலேயே பட்டியாலாவில் எடுக்கப்பட்ட மாதிரியிலும் பின்னர் தோகா மாதிரியிலும் தடைசெய்யப்பட்ட ஸ்டிரொயிட்டின் சுவடு இருந்ததாக அறிவிக்கப்பட்டது, 2020இல் நான்காண்டுத் தடை உறுதியாயிற்று, தங்கம் பறிபோயிற்று. ஏழைக் குடியானவரின் மகள், வெறுங்காலோடு ஓடிப் பழகியவள், ஆகவே சதி என்று எழுதினோர் உண்டு. பட்டியாலாப் பெறுபேறு உரிய காலத்தில் வந்திருந்தால் அவர் தோகா சென்றிருக்கவே மாட்டார் என்பதும், அத்தாமதம் இந்திய நிர்வாகத்தின் வெட்கக்கேடு என்பதும் உண்மை. ஆனால் வறுமை நிரபராதித்துவத்துக்குச் சான்றாகாது; தமிழச்சி என்பது அதனினும் ஆகாது. தாம் அறிந்து உட்கொள்ளவில்லை என்று அவர் சொன்னார், விசாரித்தவர்கள் ஏற்கவில்லை, அதற்கு மாறான பிரமாணம் என்னிடம் இல்லாதவரை அத்தீர்ப்பை நான் ஏற்கிறேன். ஏற்பது அத்தீர்ப்பு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே. தடையின் காலத்துக்கு முந்திய அவருடைய ஓட்டங்களும் உழைப்பும் அத்தீர்ப்பில் இல்லை.

இவரோடு புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனையும் ஒரே மூச்சில் ‘மருந்தில் அகப்பட்டவர்கள்’ என்று சேர்த்துப் பேசுவதை இங்கே கேட்கிறேன். 2006இல் தோகா ஆசிய விளையாட்டு விழாவில் அவர் 800 மீற்றரில் வென்ற வெள்ளி பறிக்கப்பட்டது பாலினச் சோதனையின் பேரில். ஊக்கமருந்துக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பனியைப் புகையென்பவர்க்கு ஒரு பனிக்கும் இன்னொரு பனிக்குமுள்ள வேறுபாடுகூடத் தெரிவதில்லை.

இக்கொள்கையை உலகில் வேறெவர் பேசினாலும் மட்டக்களப்பார் பேசலாகாது என்று நான் எண்ணுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 1990 செப்டெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோரை இராணுவத்தினர் வரிசையில் நிறுத்தி, ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகமூடியிட்ட தலையாட்டிகளின் முன் நடத்திச் சென்று, 158 பேரைப் பிரித்துக் கொண்டுபோனார்கள், கொண்டுபோகப்பட்டோர் திரும்பவில்லை. சுற்றிவளைப்பு என்பதும் சந்தேகத்தின் பேரில் என்பதும் இக்கரைக் குடும்பங்களுக்கு அகராதிச் சொற்களல்ல. ஒரு பதக்கத்தையும் ஓர் உயிரையும் ஒரே தராசில் வைக்கும் மூடத்தனத்தை நான் செய்யவில்லை, இழப்புகள் ஒப்பிடத்தக்கனவல்ல. ஒப்பிடத்தக்கது வாதத்தின் வடிவம் ஒன்றே. ‘ஏதோ இல்லாமலா பிடித்தார்கள்’ என்று அந்நாளில் தலைநகரிலிருந்து கேட்டவர்களின் வாக்கியம், இன்று நம் வாயில் ‘ஏதோ இல்லாமலா சொன்னார்கள்’ என்று வெளிவருகையில் நமக்குக் கூசவேண்டாமா?

அப்படியானால் ஐயப்படவே கூடாதா என்று கேட்பார்க்கு, ஐயத்துக்கு உரிய இடமும் காலமும் வகுக்கப்பட்டிருக்கின்றன என்று விடை சொல்வேன். இன்றைய உலக விதிகளின்படி மாதிரிகளைப் பத்தாண்டுகள் வரை பாதுகாத்துப் புதிய முறைகளால் மீளச் சோதிக்கலாம். பத்தாண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். அந்தக் காலம் முழுவதும் விழிப்பாயிருப்பது விசாரிப்போரின் கடமை. அக்காலம் கழிந்தும் பிரமாணம் எதுவும் வெளிப்படாதிருந்தால், ஐயத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவரிடமே விளக்கம் கேட்க வேண்டும். சிட்னி ஓட்டம் முடிந்து கால்நூற்றாண்டு கடந்துவிட்டது. 2017இல் சுசந்திகா பொருள்முடையினால் தம் ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப்போவதாக அறிவித்தபோதும் இரக்கப்பட்டவர்களுக்கிடையே அந்தப் பழைய கண் சிமிட்டல் தலைகாட்டியது. இருபது ஆண்டுகளில் புதிதாக ஒரு தாளும் சேராத சந்தேகம் அது.

நம் நாட்டில் விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கமாக நிறைவேற்றப்பட்டு, அதன்கீழ் ஒரு முகவர் நிலையமும் இயங்குகிறது. வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து ஓடமேறி வந்த பிள்ளை ஒன்று நகரத்துப் பிள்ளைகளை முந்தி வெல்லும்போது, ‘இதற்கு என்ன கொடுத்தார்களோ’ என்று பக்கத்திலிருப்பவரின் காதில் சொல்லும் ஆசிரியர், உண்மையாகவே ஐயமுடையவராயின் அந்த நிலையத்துக்குத் தம் பெயரையும் முகவரியையும் இட்டு எழுதட்டும். அவர்கள் வந்து சோதிக்கட்டும். பெறுபேற்றை அவரும் நாமும் ஏற்போம். எழுதத் துணிவில்லையெனில் அந்தப் பிள்ளை வென்ற நேரத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு, அடுத்த போட்டிக்குப் பெயரைப் பதிவு செய்யட்டும்.